பெரிய பேட்டரி போட்டால் சத்தம் ஏறுமா?

துவாக்குடியில் தஞ்சாவூர் ரோட்டோரம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் பக்கத்தில் ஒரு வெல்டர் இருப்பார். பெல் தொழிற்சாலையை நம்பி முளைத்த பட்டறைகள் சூழ்ந்த ஊர். பல மாடி உயரத்துக்குப் பாய்லர் கட்டுகிறவர்கள் சாயங்காலம் ஐந்தரைக்கு டீக்கடைப் பாய்லர் முன்னால் வந்து நிற்பார்கள். அப்படி ஒரு சாயங்காலம்தான் பக்கத்து வீட்டுப் பையன் ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் ஒரு கார் பேட்டரியைச் சாய்த்து வைத்துக்கொண்டு வந்து இறங்கினான். பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். என்னை மாமா என்பான். நான் அவனை மாப்ளே என்பேன். உறவு ஒன்றும் கிடையாது, இந்தப் பக்கத்துப் பழக்கம்.

முப்பது வருஷம் ரேடியோ ரிப்பேரும் மைக் செட் வாடகையும் பார்த்தவன் நான். அதனால் சந்தேகம் என்றால் என்னிடம்தான் வருவான்.

பேட்டரியோடு ஒரு பிளைவுட் பெட்டியும் வந்தது. உள்ளே 4440 ஐசி இரண்டு போட்ட ஆம்ப்ளிஃபயர் போர்டு. சித்தப்பாவின் காய்கறி வண்டிக்காக அவனே கட்டியது. போர்டு வந்த அட்டைப்பெட்டியில் 200 வாட் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பேட்டரி பழைய மாருதி 800இல் கழற்றியது, 12 வோல்ட், 35 ஏஎச், அதாவது ஆம்பியர்-ஹவர்.

"மாமா, சத்தம் பத்தல. தெருமுனை தாண்டல. இன்வெர்ட்டர் பேட்டரி பழசு ஒண்ணு வருது, 150 ஏஎச். அதைப் போட்டா நாலு மடங்கு சத்தம் வரும்ல?"

"வராது மாப்ளே. நாலு மடங்கு நேரம் ஓடும்."

அவன் முகம் விழுந்துவிட்டது. இந்த ஒரு வரியை அவனுக்கு விளங்க வைக்க மூன்று டீ ஆயிற்று.

முதல் டீயில் ஊஞ்சல் கதை சொன்னேன். ஸ்ரீரங்கத்தில் பழைய வீட்டுக் கூடத்தில் ஊஞ்சல் தொங்கும். கூடம் 12 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் தொங்கும் ஊஞ்சல் இந்தப் பக்கம் 6 அடி, அந்தப் பக்கம் 6 அடிதான் போக முடியும். இன்னும் உந்தினால் சுவரில் இடிக்கும். கொல்லைப்புறம் ஒரு ஏக்கர் கிடக்கிறதே என்றால், கிடக்கட்டும். ஊஞ்சல் ஆடுவது கூடத்தில்.

ஆம்ப்ளிஃபயர் செய்கிற வேலையும் ஊஞ்சல் ஆட்டுவதுதான். பாட்டு என்பது ஏறி இறங்கும் அலை. போர்டு அந்த அலையைப் பெரிதாக்கி ஸ்பீக்கர் ஒயரில் ஆட்டுகிறது. ஆட்டத்துக்குச் சுவர்கள் இரண்டு: பேட்டரியின் மைனஸ் ஒன்று, பிளஸ் ஒன்று. இடையே 12 வோல்ட். ஊஞ்சல் ஓய்ந்து நிற்கும் இடம் நடுவில், 6 வோல்ட்டில். அந்த 6 வோல்ட் அப்படியே ஸ்பீக்கருக்குள் போனால் காயில் சுட்டுவிடும் என்பதால்தான் சாதாரண போர்டுகளில் ஸ்பீக்கர் ஒயருக்கு முன்னால் ஒரு பெரிய கண்டென்சர் காவல் நிற்கும். ஆட்டத்தை விடும், நிலையான வோல்ட்டை மறிக்கும்.

வால்யூமை முழுக்கத் திருகும்போது பாட்டு கிழிகிறதே, அதுதான் ஊஞ்சல் சுவரில் இடிக்கிற சத்தம். அலையின் உச்சி வெட்டுப்பட்டு மொட்டையாகிவிடும். ஏஎச் என்பது கொல்லைப்புறம். வோல்ட்தான் கூடம். 35ஐ 150 ஆக்கினால் கொல்லை பெரிதாகும், கூடம் அதே 12 அடி.

வடை மடித்த காகிதத்தில் கணக்கையும் போட்டேன். நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். ஐசி இரண்டு பக்கமும் தனக்கென்று ஏறக்குறைய ஒரு வோல்ட் எடுத்துக்கொள்ளும். மிச்சம் பத்தரை. நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு ஐந்தேகால். உச்சத்தை 1.414ஆல் வகுத்தால் ஸ்பீக்கருக்கு உறைக்கிற வோல்ட் கிடைக்கும்: 3.7. அதை அதனாலேயே பெருக்கி, ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுத்தால் 3.4 வாட்.

"மூணரை வாட்டா? பெட்டியிலே 200ன்னு போட்டிருக்கே மாமா!"

"பெட்டியில எழுத இங்க்தான் வேணும். ஸ்பீக்கர்ல வர வோல்ட் வேணும்."

இரண்டாவது டீ வந்தது. 4440ஐத் தயாரித்த சான்யோ கம்பெனி தந்திருக்கும் விவரத் தாளில் கணக்கு நேர்மையாகவே இருக்கிறது. 13.2 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கருக்கு, ஒரு சேனலுக்கு 6 வாட். 13.2 என்பது கார் ஓடும்போது கிடைக்கிற வோல்ட்டை மனத்தில் வைத்துச் சொன்னது. அலை கொஞ்சம் கிழிந்தாலும் பரவாயில்லை என்ற கணக்கில் அளந்ததால் நம் மூன்றரை அங்கே ஆறாகிறது. ஆனால் அதே தாளில் இன்னொரு எண்ணும் உண்டு: இரண்டு சேனலையும் பிரிட்ஜ் முறையில் சேர்த்தால் 19 வாட்.

6ம் 6ம் சேர்ந்தால் 12தானே, 19 எப்படி?

மரம் அறுக்கும் நீள ரம்பத்தைப் பார்த்தால் புரியும். ஒருவர் மட்டும் அறுத்தால் அவர் கை நீளம்தான் வீச்சு. இரண்டு முனையிலும் இருவர் நின்று, இவர் இழுக்கும்போது அவர் தள்ளினால் அறுப்பின் போக்கே மாறும். பிரிட்ஜில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரையும் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள் பிடித்துக்கொள்கின்றன. இது மேலே போகும்போது அது கீழே போகும். 12 அடிக் கூடத்தில் ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் வீச்சு இரண்டு மடங்கு. வாட் என்பது வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கிய கணக்கு என்பதால், வீச்சு இரண்டானால் வாட் நான்காகிறது. நம் 3.4 அங்கே 13.7 ஆகிவிடும். ஓரளவு கிழிசலை மன்னித்தால் சான்யோவின் 19. கண்டென்சர் காவலும் தேவையில்லை. இரண்டு ஒயரும் ஒரே 6 வோல்ட்டில் நிற்பதால் ஸ்பீக்கருக்கு நடுவே வோல்ட் வித்தியாசம் இல்லை.

பையன் போர்டில் இரண்டு ஐசியும் பிரிட்ஜில்தான் இருந்தன. ஆக இரண்டு பக்கமும் சேர்த்து உருப்படியாக 27, 28 வாட். 200 அல்ல. ஆனால் அவனுக்கு இதுவும் கிடைக்கவில்லை. ஏன் என்று பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். ஸ்பீக்கர் இரண்டும் 8 ஓம். அங்கேயே பாதி போயிற்று.

"அப்ப 2 ஓம் போட்டா இன்னும் ஏறும்ல?"

கணக்குப்படி ஏறும், ஐசி தாங்காது. பிரிட்ஜில் ஒவ்வொரு பாதியும் ஸ்பீக்கரின் ஓமில் பாதியைத்தான் உணரும். 4 ஓம் போட்டாலே அதற்கு 2 ஓம் சுமை. அதற்குக் கீழே போனால் ஹீட் சிங்க்கில் தோசை சுடலாம். இன்னொன்று: பிரிட்ஜில் ஸ்பீக்கர் ஒயர் இரண்டில் எதுவும் வண்டியின் பாடியைத் தொடக்கூடாது. பழைய பழக்கத்தில் ஒன்றை எர்த் செய்தால் ஐசி போய்விடும்.

இப்போது வருகிற கிளாஸ் டி போர்டுகளைப் பற்றியும் கேட்டான். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3116 என்ற சிப், இரண்டு பக்கமும் 50 வாட் என்று விற்கும். உண்மைதான், 21 வோல்ட் கொடுத்தால். 12 வோல்ட் கொடுத்தால் அதற்கும் அதே கூடம்தான், அதே சுவர்தான். அதன் லாபம் வேறு: சூட்டில் வீணாவது குறைவு. 4440 பேட்டரியிலிருந்து 21 வாட் வாங்கி 14 தருகிற இடத்தில், இது 15, 16 வாங்கினாலே போதும். பேட்டரி கூடுதல் நேரம் நிற்கும்.

காரில் அதிர அதிரப் பாட்டு போடுகிறார்களே என்றால், அவர்கள் கூடத்தையே இடித்துக் கட்டுகிறார்கள். அந்தப் பெரிய ஆம்ப்ளிஃபயருக்குள் ஒரு கன்வெர்ட்டர் இருக்கும். 12 வோல்ட்டை வேகமாக வெட்டி வெட்டி, வளையம் போன்ற டிரான்ஸ்ஃபார்மரில் ஏற்றி, பிளஸ் 30, மைனஸ் 30 என்று புதிய சுவர்களை எழுப்பும். பழைய வித்தைதான். 1930களின் கார் ரேடியோவில் வால்வுக்கு 200 வோல்ட்டுக்கு மேல் தேவை, காரில் இருந்ததோ 6 வோல்ட். வைப்ரேட்டர் என்று ஒரு சின்ன டப்பா ரீங்கரித்துக்கொண்டே அந்த 6 வோல்ட்டை வெட்டிக் கொடுக்கும், டிரான்ஸ்ஃபார்மர் ஏற்றிவிடும். ஆனால் ஏற்றின வோல்ட்டுக்கான விலையைப் பேட்டரி ஆம்பியராகக் கட்ட வேண்டும். காய்கறி வண்டிக்கு அது வேண்டாத செலவு.

"அப்ப மைக் செட் ஆட்டோ எப்படி மாமா நாலு தெருவுக்குக் கேக்குது? அதுவும் 12 வோல்ட்தானே?"

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நான் மைக் செட் ஓட்டிய காலத்தில் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் கரண்ட் பிளக்கோடு பேட்டரிக்கென்று இரண்டு முனையும் இருக்கும். அஹூஜா செட்டுகள் பல இன்றும் அப்படித்தான். அம்பாசடரின் கூரையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, பேட்டரியில் மாட்டி, ஊர் ஊராகத் திருவிழா அறிவிப்பு சொல்லிக்கொண்டு போவோம். வாட் ஒன்றும் பிரமாதம் கிடையாது. வித்தை குழாயில் இருந்தது.

வீட்டில் வைக்கிற சின்ன ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் 86 டெசிபல் வாக்கில் வரும். அதே ஒரு வாட்டைக் குழாய்க்குக் கொடுத்தால் 105ஐத் தொடும். வாட்டை இரண்டு மடங்காக்கினால் ஏறுவது 3 டெசிபல்தான். பத்து மடங்காக்கினால் 10. ஆக, குழாய் ஒரு வாட்டில் போடுகிற கூச்சலை அந்தச் சின்ன ஸ்பீக்கர் போட வேண்டுமானால் ஏறக்குறைய 80 வாட் வேண்டும். பையன் பெட்டியில் இருந்தவை பழைய டிவியில் கழற்றிய ஸ்பீக்கர்கள். தெருமுனை தாண்டாததில் அதிசயம் இல்லை.

குழாயில் பாஸ் வராது, பாட்டு மூக்கால் பாடும். அறிவிப்புக்கு அது போதும். பாட்டும் வேண்டும் என்றால், 4 ஓமில் 94, 95 டெசிபல் தருகிற எட்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டு வாங்கு என்றேன். 86க்கும் 95க்கும் இடையே 9 டெசிபல். பேட்டரியைத் தொடாமல், போர்டைத் தொடாமல், எட்டு மடங்கு வாட் ஏற்றின மாதிரி. இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது, மற்ற நேரத்துக்கும் எழுத்தில் அனுமதி வேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன என்பதையும் சொல்லி வைத்தேன். சித்தப்பா விடிகாலை ஐந்துக்கே கிளம்புகிறவர்.

மூன்றாவது டீக்குச் சொல்லும்போது பக்கத்திலிருந்த வெல்டர் பேட்டரியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பையன் பிளஸ் முனையில் ஒயரை அப்படியே முறுக்கிச் சுற்றியிருந்தான். ஃபியூஸ் இல்லை.

"12 வோல்ட்தானே அண்ணே, கையை வெச்சாக்கூட ஷாக் அடிக்காதே," என்றான் அவரிடம்.

"தம்பி, 3.15 ராடுக்கு நாங்க எவ்வளவு வைப்போம் தெரியுமா? நூறு, நூத்திப்பத்து ஆம்ப்ஸ். வோல்ட்டு இருபது சொச்சம்தான். அதுலதான் இரும்பு உருகுது," என்றார் வெல்டர்.

நூற்றுக்கு நூறு. கார் பேட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவே ஒரு ஸ்பேனர் விழுந்தால் அது பல நூறு ஆம்பியரை அந்தக் கணமே தள்ளும். அந்த வேலைக்கென்றே செய்தது அது. இன்ஜினை ஸ்டார்ட் செய்ய அப்படித்தான் வேண்டும். ஒருமுறை திருவிழா ஒன்றில் இருட்டில் பிளஸ் முனையை முறுக்கும்போது என் ஸ்பேனர் பாடியைத் தொட்டது. நீல வெளிச்சம் ஒன்று. ஸ்பேனரின் வாயில் அரைக்கால் அங்குலம் காணவில்லை. கையில் இருந்த மோதிரம் தப்பியது என் பாட்டியின் புண்ணியம். அன்றிலிருந்து மோதிரம், கைச்சங்கிலி கழற்றாமல் பேட்டரியைத் தொடுவதில்லை. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மைனஸ் கழன்றிருந்தால் பிளஸை முறுக்கும் ஸ்பேனர் பாடியில் இடித்தாலும் கரண்ட் ஓட வழி கிடையாது.

ஃபியூஸ் எங்கே போடுவது என்பதில் பலர் தவறுவார்கள். ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள் போடுவார்கள். பெட்டிக்கும் பேட்டரிக்கும் நடுவே ஓடும் ஒயர் எங்காவது தகரத்தில் உரசித் தோல் கிழிந்தால் அந்த ஃபியூஸ் தூரத்தில் நின்று வேடிக்கை பார்க்கும். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு ஜாணுக்குள் போட வேண்டும். இந்தப் போர்டு முழு மூச்சில் பாடினால் இரண்டு பக்கமும் சேர்ந்து மூன்றரை ஆம்பியருக்குள்தான் இழுக்கும். காருக்குப் போடுகிற 5 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் போதும்.

அவன் ஒயர் நூல் மாதிரி இருந்தது. அரை சதுர மில்லிமீட்டர் செம்பு, போக ஐந்து மீட்டர், வர ஐந்து மீட்டர். அதற்கே மூன்றில் ஒரு ஓம் தடை. பாட்டில் ஒரு மேளம் விழும்போது இரண்டு ஐசியும் சேர்ந்து கணநேரம் ஐந்து ஆம்பியர் கேட்கும். ஒன்றேமுக்கால் வோல்ட் வழியிலேயே போய்விடும். கூடமே 12 அடி, அதில் ஒன்றேமுக்கால் அடியைத் திண்ணைக்குக் கொடுத்த கதை. "கேபிள் மெல்லிசா இருந்தா ஆர்க் நிக்காது," என்றார் வெல்டர்; அவருக்கு இது பாடமே இல்லை. இரண்டரை சதுர மில்லிமீட்டர் ஒயராக மாற்றி, பெட்டியைப் பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்து, போர்டின் வாயிலேயே 4700 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கண்டென்சர் ஒன்று போடச் சொன்னேன். மேளம் விழுகிற கணத்துக்கு அது கையிருப்பு.

பிறகு நேரக் கணக்கு. பாட்டு எப்போதும் உச்சத்தில் இருப்பதில்லை. சராசரியாக ஒரு ஆம்பியர், கொஞ்சம் கூட என்று வைத்துக்கொள்ளலாம். 35 ஏஎச்சில் பாதியை மட்டும் தொட்டாலே பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தாண்டும். சித்தப்பாவின் வியாபாரம் நான்கு மணி நேரம். ஏன் பாதி என்றால், கார் பேட்டரியின் ஈயத் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் அதிகம். ஒரே மூச்சில் பெரிய கரண்டைக் கொடுத்துவிட்டு உடனே சார்ஜ் ஏற்றிக்கொள்வதற்காகச் செய்தவை. அடிவரை வழித்தால் சீக்கிரம் சாகும். இன்வெர்ட்டருக்கு வருகிற டியூபுலர் பேட்டரி தடித்த தகடு, ஆழமாக இறங்கினாலும் தாங்கும். 1859இல் பிரான்ஸில் பிளாந்தே ஈயத் தகடுகளைச் சுருட்டி அமிலத்தில் முக்கிச் செய்த அதே சங்கதிதான் இரண்டும். ஒன்று ஓட்டக்காரன், ஒன்று சுமை தூக்கி.

மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கப் பழகு என்றேன். பாட்டை நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்து அளந்தால், 12.6 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 11.8 என்றால் காலி. 12.2க்கு வந்தால் சார்ஜில் போட்டுவிடு. காற்றோட்டமான இடத்தில் போடு, சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். பக்கத்தில் பீடி கூடாது.

கிளம்பும் முன் கடைசியாக ஒன்று கேட்டான். பேட்டரியில் மாட்டினதும் கரண்டில் இருந்த 'உம்ம்' என்கிற இரைச்சல் சுத்தமாகப் போய்விட்டது, ஆனால் பாட்டு போடுகிற செல்போனை அதே பேட்டரியில் சார்ஜ் போட்டால் கீச்சென்று கத்துகிறதே, ஏன்?

பேட்டரியின் அழகே அந்த அமைதிதான். வீட்டுக் கரண்டை டிரான்ஸ்ஃபார்மர், டயோடு போட்டு மாற்றும்போது ஒட்டிக்கொண்டு வரும் அதிர்வு பேட்டரியில் கிடையாது. ஆனால் போனைச் சார்ஜரிலும் பாட்டு ஒயரிலும் ஒரே நேரத்தில் மாட்டினால் மைனஸுக்கு இரண்டு பாதை ஆகிவிடுகிறது. சார்ஜரின் அழுக்குக் கரண்ட் பாட்டு ஒயரின் மைனஸ் வழியாகவும் திரும்பும். அதை ஆம்ப்ளிஃபயர் பாட்டு என்று நினைத்துப் பெரிதாக்கும். எளிய வைத்தியம், போனுக்குத் தனி பவர் பேங்க். வண்டி இன்ஜின் ஓடும்போது ஆக்ஸிலேட்டரோடு ஏறி இறங்கும் ஊளையும் இதே இனம், அது ஆல்டர்னேட்டரின் குரல். மலிவான சார்ஜரில் பேட்டரி ஏறிக்கொண்டிருக்கும்போது பாட்டு போடாதே என்றும் சொன்னேன். நடுவில் பேட்டரி முனை கழன்றால் சார்ஜரின் வோல்ட் எகிறும். 4440 வேலை செய்யும்போது தாங்குவது 18 வோல்ட் வரைதான்.

மூன்று டீக்கும் காசு அவன்தான் கொடுத்தான். வெல்டருக்கும் சேர்த்து.

பத்து நாள் கழித்து ஒரு காலை, ஏழு மணி இருக்கும். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரி, "தக்காளி வண்டி வருது போல," என்றாள். வண்டி இன்னும் அடுத்த தெருவில் இருந்தது. எங்கள் தெருவுக்கு வந்ததும் பையன் முன் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தான். அதே 35 ஏஎச் பேட்டரி, கீழே தடித்த சிவப்பு ஒயர், முனையிலிருந்து ஒரு ஜாணில் ஃபியூஸ்.

"இன்வெர்ட்டர் பேட்டரி என்னாச்சு மாப்ளே?"

"வாங்கல மாமா. நேத்து நாலு மணி நேரம் ஓட்டிட்டு ராத்திரி மீட்டர் வெச்சேன். 12.5 நிக்குது."

வாட் எவ்வளவு என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.